பாறைமேட்டுப் பெயர்

“மலரோட முதல் பக்கத்துல எங்க பாறைமேட்டுப் பேரும் வரணும் சார்.”

அதை மட்டும் கேட்காதே என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். ஜோசலின் கேட்டேவிட்டாள். திருநீர்மலைப் பக்கத்துப் பவானி நகரின் பொன்விழா மலருக்கு வரலாறு எழுத, குடியிருப்போர் சங்கத்தார் வரலாறு படித்த அவளைத்தான் அழைத்திருந்தார்கள்.

செயலாளர் சுந்தரராமன் சிரித்தார். “நாங்க வரும்போது இங்க பாம்புதான்மா குடியிருந்துது. அப்புறம் எங்கம்மா பேரைத்தானே நகருக்கு வெச்சோம்!”

“பாம்பு இல்ல சார், கல்லுடைக்கிறவங்க. அப்ப இந்த இடத்துக்கே பாறைமேடுன்னுதான் பேரு. எங்க தாத்தா குடிசை இந்த ஹால் இருக்கற இடத்துலதான் இருந்துச்சு.”

“படிச்ச பொண்ணு, பிரச்சினை பண்ணாதம்மா.”

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மலருக்கு வந்த விளம்பரங்களைப் புரட்டத் தொடங்கினார்கள். கூடப் படித்த மாளவிகாகூட போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தான் எழுதிக்கொண்டு வந்து கொடுத்திருந்த தாள்களை ஜோசலின் அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“அப்ப நீங்களே எழுதிக்குங்க சார்.”

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.