இரண்டு கொடியும் ஏறட்டும்

கீழ்வானம் வெளுத்து, ஆற்றின்மேல் படிந்திருந்த பனி பொதி பிரிந்த பஞ்சென மெல்லக் கலைய, இக்கரையில் இரு பிரிவாக அணிவகுத்திருந்த படையின் வேல்நுனிகளில் இளவெயில் மின்னத் தொடங்கிய காலைப்பொழுது அது. இடப்புறம் முழங்காலளவே நீரோடும் துறை. வலப்புறம் நாணல் அடர்ந்த கரை. இரண்டுக்கும் நடுவே, படுத்துக் கிடக்கும் எருமையின் முதுகென நீண்டதொரு கரும்பாறைக் குன்று. அதற்குப் பின்னே உயர்ந்த மேட்டில், கல்வெட்டுவோரைத் திரட்டி அமைத்த பின்படையோடு அதன் தலைவன் நின்றிருந்தான். மேட்டில் நிற்போர்க்கு இரண்டு அணிகளும் தெரியும். ஓரணிக்கு மற்றோரணி தெரியாது. படிப்போர் இதனை மனத்தில் இருத்துக.

அத்தலைவன் கல்லுடைக்கும் குழியில் பிறந்து, கல்தூள் தின்று வளர்ந்தவன். அக்குழியில் ஒரு வழக்கம் உண்டு. மேலிருந்து பாறையைப் புரட்டுமுன், அடிவாரத்தின் இரு முனைகளிலும் நிற்போர் துணியை உயர்த்திக் காட்டவேண்டும். ஒருவன் உயர்த்தாவிடினும் மேலே கடப்பாரை அசையாது. எத்தனையோ பேரின் மண்டையைக் காத்த வழக்கம் அது.

அரசன் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தமையால், இடப்படை, பின்படைத் தலைவனுடைய தங்கையின் கணவனிடமும், வலப்படை அரசனுடைய தம்பியிடமும் ஒப்படைக்கப்பட்டன. இருவருள் எவன் மேலோன் என்பதை மட்டும், இருவர் மனமும் நோகலாகாது என்றெண்ணி, எவரும் சொல்லவில்லை. "பின்படை யார் சொன்னா எறங்கும்?" என்று அரசன் படுக்கையிலிருந்தே வினவியபோது, தலைவன் குழியின் வழக்கத்தை எடுத்து நீட்டினான்: "ரெண்டு பேரு கொடியும் ஏறட்டுங்க, எறங்கிடறேன்." அவையோர் அதனை அறிவென்று வியந்தனர். அது அறிவன்று, அச்சம் என்பதை அவன் ஒருவனே அறிவான். மைத்துனன் சொல்லுக்கு இறங்கிக் கெட்டால் உறவுக்காக உயிர்களைக் கொடுத்தான் என்பர். அரசன் தம்பியின் சொல்லுக்கு இறங்கிக் கெட்டால் தங்கையின் முகத்தில் விழிக்க இயலாது. பழி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தன்மேல் படாதவாறு, இரண்டு கொடிகளுக்குப் பின்னே அவன் ஒளிந்துகொண்டான்.

வெயில் ஏறுமுன்னே பகைவர், மடை உடைத்த வெள்ளமெனத் துறையில் இறங்கி, இடப்படையின்மேல் மட்டும் மோதினர். மைத்துனனின் கொடி ஏறியது.

தலைவனுக்கு அடுத்த நிலையில் இருந்தவன், நெட்டையன் என்று எல்லாராலும் அழைக்கப்பட்டவன், கச்சையை இறுக்கினான்.

"அண்ணே, உங்க மச்சான் கூப்பிடறாரு. கிளம்பலாமா?"

"அந்தப் பக்கம் ஏறலயே."

"குன்று மறைக்குதே, அவருக்கு என்ன தெரியும்? நாணல்ல கொக்கு எண்ணிக்கிட்டிருப்பாரு."

"ரெண்டும் ஏறணும்னு பேச்சு."

"பேச்சு போட்டதே நீங்கதானே அண்ணே! நீங்களே எடுத்துடுங்க."

தலைவன் வலப்புறத்துக்குக் குதிரையாள் ஒருவனை விரட்டிவிட்டு, கண்ணை இமைக்காமல் நின்றான். கீழே கொடி சாய்ந்தது; எவனோ தூக்கினான்; மீண்டும் சாய்ந்தது. பின்படையோர் வேல்களைத் தரையில் தட்டித் தட்டி முணுமுணுத்தனர். ஒருவன் உரக்கவே காறி உமிழ்ந்தான்.

குதிரையாள் போய்ச் சேர்ந்ததும், நாணலுக்கு மேலே வலப்படையின் கொடி பளிச்சென்று எழுந்தது. அந்நேரம் இடப்புறத்தில் எழுதற்குக் கொடியும் இல்லை, எழுப்புதற்குக் கையும் இல்லை.

"இப்பவும் ஒண்ணுதான் அண்ணே ஏறியிருக்கு," என்றான் நெட்டையன். "என்ன செய்யலாம், சொல்லுங்க."

அப்போதுதான் தலைவன் ஓடினான். முன்னரே ஓடியிருக்கவேண்டிய கால்கள் சரிவில் தடுமாறின. துறையில் அவன் கண்டது போரன்று. போர் முடிந்த இடம்.

கரை பறிபோனது. எஞ்சியோர் பின்வாங்கி நகர் சேர்ந்தபின் அவை கூடியது. "போட்ட பேச்ச நீ மீறல. உன்மேல ஒரு குத்தமும் இல்ல," என்று அரசன் தம்பி, எல்லாரும் கேட்க, தலைவனிடம் சொன்னான். எந்தச் சொல்லுக்காக அவன் இத்தனையும் செய்தானோ அந்தச் சொல் கிடைத்துவிட்டது; சுடுகல்லை ஏந்தினாற்போல அதனை ஏந்தி வெளியே வந்தான்.

தங்கையின் வீட்டு முற்றத்தில், கணவன் விட்டுச்சென்ற பழஞ்செருப்பு கதவோரம் கிடந்தது. அவள் அழுது ஓய்ந்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லு. அவரு கொடி தூக்கினது உனக்குத் தெரிஞ்சுதா?"

புழுதி மறைத்தது என்று சொல்லியிருக்கலாம், அவளும் நம்பியிருப்பாள்.

"தெரிஞ்சுது."

"அப்பறம்?"

அவன் தலை கவிழ்ந்து, அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குழியில் உருளாத பாறை எவரையும் கொல்வதில்லை. களத்தில் இறங்காத படையோ தன்னவரையே கொல்கிறது. ஆணையிடுவோன் ஒருவன் என்று துணிந்து சொல்ல அஞ்சிய அவையும், அவ்வச்சத்தின் நிழலில் ஒதுங்கிய அவனும், அந்தப் பேச்சு போட்ட அன்றே தோற்றிருந்தனர். ஆற்றங்கரையில் நிகழ்ந்தது அத்தோல்வியின் ஓசை மட்டுமே. குற்றமற்றவன் என்று ஊர் அவனுக்கு வழிவிட்டது. அவ்வழியில் நிமிர்ந்து நடக்க அவனால் ஒருநாளும் இயலவில்லை.