டேவியன் திரும்பி வந்த சனிக்கிழமை

அன்று காலை என் கணவன் மெர்ல் இரண்டு பெரிய பைகளைக் காரின் பின்சீட்டில் வைத்தான். பைகள் நிறையப் போலி டாலர் நோட்டுகள். அச்சகத்தில் சொல்லி அடித்தது. நடுவில் இருக்க வேண்டிய ஜனாதிபதி முகத்துக்குப் பதிலாக டேவியன் டிப்ஸின் முகம்.

"அவன் மூக்கைக் கொஞ்சம் பெருசாக்கச் சொன்னேன்" என்றான் மெர்ல், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. "எப்படி இருக்கு?"

"நல்லாவே இல்ல."

"நல்லா இருக்கணும்னு அடிக்கல, நடீன்."

நாற்பது வருடமாக எல்லர்ட்டன் கல்லூரியின் கூடைப்பந்து ஆட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்த பழக்கம். ஏழாம் பிரிவு, ஆடுகளத்துக்கு மேலே எட்டாவது வரிசை, மூன்று இருக்கைகள். மூன்றாவது எங்கள் மகனுடையது. அவன் டென்வருக்குப் போனபிறகும் மெர்ல் அதை விடவில்லை. ஏழாம் பிரிவுக்கு மெர்ல்தான் தலைவன் மாதிரி. அவன் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள், அவன் ஊளையிட்டால் எல்லோரும் ஊளையிடுவார்கள்.

போன வருடம் முழுக்க அவன் கத்தியது டேவியனுக்காக. கேரி என்ற ஊரிலிருந்து வந்த ஒல்லிப் பையன். பந்து அவன் கையில் இருந்தால் எதிரணி ஆட்கள் கதவு தெரியாத வீட்டில் மாட்டிக்கொண்டவர்களைப் போல அலைவார்கள். அவனுடைய அம்மா ரொனெட் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பஸ் பிடித்து வருவாள். எங்கள் மூன்றாவது இருக்கையில்தான் உட்காருவாள். ஆட்டம் முடிந்து அம்மாவும் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட ஞாயிறுகள் உண்டு. டேவியன் நான் சுட்ட க்ரீம் கேக்கில் பாதியைத் தனியாகவே தீர்ப்பான்.

வசந்தகாலத்தில் அவன் பிரெஸ்காட் கல்லூரிக்குப் போய்விட்டான்.

இப்போதெல்லாம் பையன்கள் மாறுதல் பட்டியலில் பெயரைப் போட்டால் போதும், வேறு கல்லூரிகள் விலை பேச வந்துவிடும். எங்கள் ஊரிலும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க ஆதரவாளர் நிதி ஒன்று இருக்கிறது. கார் விற்கிற டுவைட் ஹெஸ்லர்தான் அதை நடத்துகிறான். மெர்ல் அதற்குக் கொடுத்ததை நான் தடுக்கவில்லை. ஒழுகும் வீட்டுக் கூரை இன்னும் ஒரு வருடம் பொறுக்கும் என்று நினைத்தேன். ஆனால் டேவியன் வேறு எங்காவது போயிருந்தால் மெர்ல் பொறுத்திருப்பான். பிரெஸ்காட் எங்கள் ஜென்ம எதிரி. "பணத்துக்காகப் போனான்" என்று பத்திரிகையில் வந்த அன்று மெர்ல் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

நான் ஒரு விஷயத்தை அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். வியாழக்கிழமை ரொனெட் போன் செய்திருந்தாள்.

"வெளியூர் ஆளுங்களுக்கு மேல கூரைக்குப் பக்கத்துல சீட்டு குடுத்திருக்காங்க, நடீன். என் முழங்காலுக்கு அவ்ளோ படி ஏற முடியாது."

"பழைய சீட்டு காலியாத்தானே இருக்கு. அங்கயே வா."

"மெர்ல் என்ன சொல்வாரு?"

"அவனை நான் பாத்துக்கறேன்" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் மெர்ல் பைகளைப் பிரித்து வரிசை வரிசையாக நோட்டுக் கட்டுகளை அனுப்பினான். "டேவியன் முதல் தடவை ஃப்ரீ த்ரோ போட நிக்கும்போது. நான் தொப்பியைத் தூக்குனதும் வீசணும். அதுக்கு முன்னாடி எவனும் வீசக்கூடாது." ஆளுக்கு ஆள் தோளில் தட்டிச் சொன்னான். பக்கத்துப் பிரிவுகளுக்கும் கட்டுகள் போயின. டுவைட் எங்களுக்கு நேர்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான். "மெர்ல், உன்னை மாதிரி இன்னும் பத்து பேர் இருந்தா இந்த ஊரு எங்கயோ போயிருக்கும்."

அப்போதுதான் ரொனெட் படியேறி வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு. பிரெஸ்காட்டின் சிவப்பும் இல்லை, எங்கள் பச்சையும் இல்லை. மெர்ல் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"டிக்கெட் யாரு குடுத்தது?"

"நான்தான்."

அவன் தாடை இறுகியது. கால்களை ஒதுக்கி வழிவிட்டான். ரொனெட் எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவள் காலடியில் ஒரு கட்டு கிடந்தது. குனிந்து எடுத்தாள். மேலே இருந்த நோட்டில் மகனின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, கீழே விழுந்த கையுறையை எடுத்துக் கொடுப்பதுபோல் அதை மெர்லிடம் நீட்டினாள். மெர்ல் வாங்கிக்கொண்டான். அவன் காது மடல்கள் சிவந்துவிட்டன.

ஆட்டக்காரர்களின் பெயர்களை அறிவித்தார்கள். டேவியனின் பெயர் வந்ததும் எழுந்த கூச்சலில் என் பற்கள் அதிர்ந்தன. மாணவர்கள் பக்கமிருந்து யாரோ அவசரப்பட்டு ஒரு பிடி நோட்டுகளை வீசினார்கள். உடனே நடுவர் கை காட்டினார். ஒலிபெருக்கி எச்சரித்தது: இன்னொரு முறை ஆடுகளத்தில் எதையாவது வீசினால் எல்லர்ட்டன் மேல் டெக்னிக்கல் ஃபவுல் விழும், எதிரணிக்குக் கூடுதல் எறிதல்கள் கிடைக்கும்.

முதல் பாதி முழுவதும் யாரும் டேவியனை முறைதவறித் தடுக்கவில்லை, அதனால் அவன் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கே வரவில்லை. தூரத்திலிருந்தே எறிந்தான். பந்து அவன் கைக்கு வரும்போதெல்லாம் அரங்கம் ஊளையிட்டது. "வாடகைக்கு வந்தவனே!" என்று ஒருவன் கத்தினான். "மீட்டர் ஓடுதுடா, சீக்கிரம் போடு!" என்றான் இன்னொருவன். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். ரொனெட் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். கோத்த விரல்களின் நுனி வெளுத்திருந்தது.

இடைவேளையில் டுவைட் எங்களுக்கு நடுவில் தலையை நீட்டினான். வாயில் பாப்கார்ன் வாசம்.

"என்ன ரொனெட், உன் பையனுக்கு இப்ப என்ன விலை போவுது?"

ரொனெட் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அதை நீதானே சொல்லணும் டுவைட். கோச் ரூம்ல நீயும்தான் உக்காந்திருந்த."

"எந்த ரூம்ல?" என்றான் மெர்ல்.

"ஒண்ணுமில்ல மெர்ல், அந்தம்மா…"

"நான் அவளைக் கேட்டேன்."

ரொனெட் மெர்லைப் பார்த்துச் சொன்னாள். "போன மார்ச்சுல எங்க ரெண்டு பேரையும் கூப்ட்டாங்க. டெக்சஸ்லேருந்து ஏழடிப் பையன் ஒருத்தன் வரான், நிதி அவனுக்கே போயிடும், உனக்கு இங்க பாதிகூடக் கிடைக்காது, ஆடற நேரமும் குறையும், வேற இடம் பாத்துக்கோன்னாங்க. அந்தப் பாதிக்கே இருந்துக்கறேன்னு என் பையன் சொன்னான். நான் பக்கத்துலதான் இருந்தேன். டுவைட்தான் 'அது சரிப்படாது தம்பி'ன்னான்."

"பிரெஸ்காட்டுல கூடக் குடுத்தாங்களா இல்லயா?" என்றான் டுவைட். "அதைச் சொல்லு!"

"குடுத்தாங்க. இல்லேன்னா சொன்னேன்? இப்ப நான் ராத்திரி ஷிப்டுக்குப் போறதில்ல. அதுக்கு நான் ஏன் வெக்கப்படணும்?" அவள் மூச்சு வாங்கினாள். "ஆனா அவனா போகல. துரத்துனாங்க. வெளிய சொல்லாம இருந்தா உனக்கு நல்லதுன்னு கோச் சொன்னாரு. இருபது வயசுப் பையன், கேட்டுக்கிட்டான்."

மெர்ல் பின்னால் திரும்பினான். "டுவைட்?"

"அது வியாபாரம் மெர்ல். எல்லாக் காலேஜும் இப்படித்தான் பண்ணுது."

"'பணத்துக்காக ஓடிட்டான்'னு என்கிட்ட சொன்னது நீதான்."

டுவைட் தோளைக் குலுக்கிவிட்டுப் பின்னால் சாய்ந்தான்.

இரண்டாம் பாதியில் மெர்ல் வாயைத் திறக்கவே இல்லை. அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. ஏழாம் பிரிவு தயங்கித் தயங்கித் தானாகவே கத்தக் கற்றுக்கொண்டது. ஸ்கோர் மாறி மாறி ஏறியது. எங்கள் அணிக்கு வந்திருந்த அந்த ஏழடிப் பையன் இரண்டு முறை பந்தைக் கூடைக்குள் அதிர அதிர அடித்தபோது அரங்கமே எழுந்தது. மெர்ல் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

கடைசி நிமிடம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். டேவியன் பந்தோடு உள்ளே பாய்ந்தான், எங்கள் பையன் ஒருவன் அவன் மேல் விழுந்தான், விசில் ஒலித்தது. கடிகாரத்தில் சில வினாடிகள்தான் மிச்சம். டேவியனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

அன்று முதல் தடவையாக அவன் அந்தக் கோட்டில் வந்து நின்றான், எங்களுக்கு நேர் எதிரே.

நூற்றுக்கணக்கான தலைகள் மெர்ல் பக்கம் திரும்பின. எல்லோர் கையிலும் கட்டு. நான் அவன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெர்ல் எழுந்தான். ரொனெட் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினான்.

"வேணாம்! யாரும் வீசாதீங்க! வேணாம்!"

"உக்காருடா கிழவா!" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

டுவைட்தான் முதலில் வீசினான். மெர்லின் தலைக்கு மேலாக அவன் கட்டு பிரிந்து பறந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்து அடுத்த வரிசை, அதற்கடுத்த பிரிவு. ஒரு நொடியில் ஆடுகளத்தின் அந்த மூலை முழுவதும் டேவியனின் முகம். நடுவர் இரண்டு கைகளையும் ஆங்கில எழுத்து 'டி' போல வைத்துக் காட்டினார். டெக்னிக்கல்.

துடைப்பத்தோடு ஆட்கள் ஓடிவந்தார்கள். கூச்சல் அப்படியே அடங்கியது. என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. டேவியன் குனிந்து ஒரு நோட்டை எடுத்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, காலுறைக்குள் செருகிக்கொண்டான்.

டெக்னிக்கலுக்கான எறிதல்களையும் அவனையே போடச் சொன்னார் அவர்கள் கோச். முதல் பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே தெறித்தது. அரங்கம் வெடித்தது. ரொனெட் என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. அடுத்தது உள்ளே போனது. அதற்கடுத்ததும். அதன் பிறகு அவன் எறிந்த எதுவும் வெளியே போகவில்லை. நாங்கள் தோற்றோம்.

"எல்லாம் இவனாலதான்!" டுவைட் மெர்லை நோக்கி விரலை நீட்டினான். "எதிரியோட அம்மாவைக் கூட்டிட்டு வந்து நடுவுல உக்கார வெச்சான்!" பாதிக்கூட்டம் திரும்பியது. எங்கிருந்தோ ஒரு கோலாக் காகிதக் கோப்பை பறந்து வந்து ரொனெட்டின் தோளில் பட்டுப் பிளந்தது. ஐஸ் துண்டுகள் அவள் கோட்டுக்குள் போயின. மெர்ல் அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றான். அறுபத்து மூன்று வயது, ஒரு அடி வாங்கினால் தாங்கமாட்டான்.

"எவன் வீசுனது? முன்னாடி வாடா!"

யாரும் வரவில்லை. யாரும் நகரவுமில்லை. காவலர்கள் இரண்டு பேர் வந்து வழி விலக்கி எங்களைக் கீழே கூட்டிப்போனார்கள். ஒவ்வொரு படியிலும் எங்களுக்குத் தெரிந்த முகம். அவர்களில் ஒருவரும் எங்களோடு பேசவில்லை.

வெளியூர் அணியின் வாசலில் டேவியன் காத்திருந்தான். அம்மாவின் நனைந்த கோட்டைக் கழற்றித் தன் ஜாக்கெட்டைப் போர்த்தினான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு காலுறையிலிருந்து அந்த நோட்டை எடுத்தான்.

"அதை அடிச்சது நான்தான்" என்றான் மெர்ல்.

"என் மூக்கு இவ்ளோ பெருசா சார்?"

யாரும் சிரிக்கவில்லை. மெர்ல் தரையைப் பார்த்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டேவியன்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

மெர்ல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"உங்க குரல் எனக்கு நல்லா தெரியும் சார்" என்றான் டேவியன். "அத்தனை பேர்ல தனியா கேக்கும். இன்னைக்கு முழுக்க அதுக்குத்தான் காதைத் தீட்டிட்டு இருந்தேன். எப்ப என்னைத் திட்டப் போறீங்கன்னு. ரெண்டாவது பாதியில சத்தமே இல்ல. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. முதல் பந்தை அதனாலதான் விட்டேன்." அவன் அம்மாவை அணைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தான். நோட்டைத் திருப்பித் தரவில்லை.

திங்கட்கிழமை மதியம் எங்கள் அணியின் கோச் லார்க்கின் ஆதரவாளர்களோடு சாப்பிடுகிற கூட்டம். மெர்ல் போகமாட்டான் என்று நினைத்தேன். போனான். நானும் போனேன். கேள்வி நேரத்தில் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னாலும் கேட்டான்: "டேவியனைப் போகச் சொன்னது நீங்களா?"

கரண்டிச் சத்தம் நின்றது. லார்க்கின் வாயைத் துடைத்துக்கொண்டார். மறுப்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"ஆமா" என்றார். "மெர்ல், போன சீசன் பூரா என் முதுகுக்குப் பின்னாடி நின்னு 'உயரமான ஆளைக் கொண்டுவா, உயரமான ஆளைக் கொண்டுவா'ன்னு கத்துனது யாரு?"

அறை சிரித்தது. மெர்லும் சிரித்துவிடுவான் என்று ஒரு கணம் பட்டது. இல்லை. "நான்தான்" என்றான். "ஆனா டேவியனைத் துரத்திட்டுக் கொண்டுவான்னு நான் சொல்லல. அவன் ஓடிப்போனான்னு ஊர் பூரா பேசுனப்ப நீங்க சும்மா இருந்தீங்க." தட்டில் பாதிச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியே வந்தான். எங்கள் பின்னால் எழுந்து வந்தவர்கள் மூன்று பேர்தான்.

ஏப்ரலில் அந்த ஏழடிப் பையனும் மாறுதல் பட்டியலில் பெயரைப் போட்டான். ஜூனில் டுவைட் எதுவுமே நடக்காததுபோல் போன் செய்தான். நான் ஸ்பீக்கரில் கேட்டேன்.

"மெர்ல், ஒஹாயோலேருந்து ஒரு பையன் வரான், டேவியனைவிடப் பிரமாதம். நிதிக்கு உன் பங்கு…"

"எத்தனை வருஷம் இருப்பான்?"

"அது யாருக்குய்யா தெரியும்?"

"எனக்கு டிக்கெட் மட்டும் போதும், டுவைட்" என்று வைத்துவிட்டான்.

வீட்டுக் கூரையைச் சரிசெய்ய ஆட்கள் வந்தார்கள். நவம்பரில் முதல் ஆட்டத்துக்குப் போனோம். போக வேண்டாமே என்று நான்தான் சொல்லிப் பார்த்தேன். "நாப்பது வருஷம்" என்றான், அவ்வளவுதான். எங்களைச் சுற்றி இருந்தவர்களில் சிலர் பேசினார்கள், சிலர் பேசவில்லை. டுவைட் வேறு பிரிவுக்கு மாறியிருந்தான். களத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பந்து மேலே போனது. ஒரு சிவந்த தலைமுடிப் பையன் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னாலிருந்து எறிந்து, வலையைத் தவிர எதையும் தொடாமல் உள்ளே போட்டான்.

மெர்ல் குதித்து எழுந்து, என் காது அடைக்கும்படி கத்தினான். பிறகு, இன்னும் கை தட்டிக்கொண்டே, என் பக்கம் குனிந்தான்.

"நடீன், அவன் பேர் என்ன?"