நித்திரை விசிறி

நகோயாவில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய கிளாட்வின், ராஜபாளையத்தில் மெத்தைக் கடை போட்ட நாளிலிருந்து வாயைத் திறந்தால் ஜப்பான்காரன் விளம்பரம்தான். மூக்குச் சிந்தும் காகிதத்தில்கூடக் கடைப் பெயரைப் போட்டு ஸ்டேஷன் வாசலில் சும்மா கொடுப்பானாம். கோடை வந்தால் விசிறியாம். வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்களாம். வீசுகிற வீச்சில் எதிரே இருப்பவனும் விளம்பரத்தைப் படித்துவிடுவானாம்.

அந்த மோகத்தில் இவனும் விசிறி அச்சடித்தான். 'ஷீனா மெத்தையகம். நிம்மதியான நித்திரைக்கு! படுத்தால் எழுந்திருக்கவே மனம் வராது!' பெண்டாட்டி பெயரில் கடை, வாசகம் சொந்தச் சரக்கு. ஆளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமனார் சத்தியநேசன் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். "முதுகெல்லாம் புண்ணாப் போச்சு மாப்ளே. ஒரு மெத்தை கொண்டாங்க."

"கடை திறந்த மறுநாளே கொண்டு வாரேன் மாமா" என்றான். கடை திறந்தது. இன்று கூட்டம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போனான். மனுஷர் மெத்தையைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாவு வீட்டுக்கு அவன் வந்த வண்டியில் மிச்ச விசிறிக் கட்டு கிடந்தது. கரண்ட் இல்லை. பந்தலுக்குள் ஜனம் முந்தானையாலும் துண்டாலும் விசிறிக்கொண்டிருந்தது. கிளாட்வினுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இத்தனை பேர் ஒரே இடத்தில் அகப்பட மாட்டார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. கட்டைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டான்.

போதகர் எழுந்து, "நம்முடைய சகோதரர் சத்தியநேசன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று தொடங்கினார்.

விசிறிகள் நின்றன. ஒவ்வொருவராகக் குனிந்து வாசித்தார்கள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். கிளாட்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து கோயிலில் கேட்ட வார்த்தை, கல்லறைக்குக் கல்லறை எழுதியிருக்கும் வார்த்தை. அதை மெத்தை விற்கப் போட்டோமே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜெபம் முடிந்ததும் ஷீனாவின் சித்தப்பா இன்பத்திடம் போய்க் கெஞ்சினான். "அதைக் கொடுத்துருங்க மாமா."

"இருக்கட்டும் மாப்ளே, எம்புட்டு வேக்காடு! எழுத்தை உள்பக்கமாத் திருப்பிக்கிடுதேன்."

இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தது. அடுத்த வரிசையிலும் ஒருவரும் கொடுக்கவில்லை.

பெட்டியருகே உட்கார்ந்திருந்த ஷீனாவின் கையிலும் ஒரு விசிறி. அப்பா முகத்தில் மொய்த்த ஈயை அதனால் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் அருகில் குனிந்து கையை நீட்டினான்.

"கொடு ஷீனா. சத்தியமா அந்த வார்த்தை ஞாபகத்துக்கே வரல."

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வார்த்தையை விடுங்க. நேத்து சாயங்காலம்கூட, வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குதே, மாப்ள மெத்தை கொண்டு வாராவளான்னு கேட்டாவ. போய்ப் பாத்துட்டு வந்து, இல்லப்பான்னேன்."

நீட்டிய கையை அவன் மடக்கிக்கொண்டான். ஷீனா விசிறியைக் கொடுக்கவில்லை. அவள் வீச வீச, அவன் கடைப் பெயர் மாமனாரின் முகத்துக்கு மேலே போய்ப் போய் வந்தது.