ஆணி அடித்த புறாக்கூடு

சுரங்கக் குடியிருப்பில் எல்லாமே இரட்டை வீடுகள். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இடது பாதியில் அல்பின் கோஸ்லோவ்ஸ்கி, வலது பாதியில் ருடோல்ஃப் ஷ்டைன்காம்ப். கொல்லையில் ஆளுக்கொரு ஆடு, பரணில் ஆளுக்கொரு புறாக்கூடு. கூரையில் இரண்டு கூட்டின் வாசலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆனாலும் இத்தனை வருடத்தில் ஒரு புறாகூட வாசல் மாறி நுழைந்தது கிடையாது. பந்தயப் புறா அப்படித்தான். குஞ்சாக எந்தப் பலகையில் உட்கார்ந்து முதன்முதலாக வானத்தைப் பார்த்ததோ, அதுதான் சாகிறவரை அதற்கு வீடு. கூடை கூடையாக ரயிலில் ஏற்றிக் கிழக்கு எல்லையில் கொண்டுபோய்த் திறந்துவிட்டாலும் அந்தப் பலகைக்குத்தான் வரும்.

அல்பின் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் காலத்தில் புறாச் சங்கத்துக்குப் பித்தளைப் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்தைப் பார்த்து எல்லாரும் பல்லை இளித்தார்கள். யுத்தம் வந்ததும் அதே ஆட்கள் வந்து நல்ல புறாவையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. கெய்சர் ஓடிப்போனார், சிவப்புக் கொடி வந்தது. கொடி பிடித்தவர்கள் செய்தி அனுப்பப் புறா கேட்டார்கள். அப்புறம் நிலக்கரிக்காகப் பிரெஞ்சுக்காரன் வந்தான், புறா பறந்தால் சுடுவேன் என்றான். குடியரசு ஒன்றுதான் புறா கேட்கவில்லை. ஆனால் குடியரசில் புறாவுக்குப் போடப் பட்டாணியும் இல்லை, ஒரு வண்டி நோட்டுக்கு ஒரு ரொட்டி. யார் வந்தாலும் முதலில் பரணைத்தான் பார்க்கிறான், இது அல்பினின் அரசியல் அறிவு. இதற்கு மேல் அவருக்கு வேண்டியிருக்கவும் இல்லை.

ருடோல்ஃப் வேறு மாதிரி. தொழிற்சங்கக்காரன், சோஷலிஸ்டுக் கட்சிக்காரன், ஓட்டுப் போட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைக்கிறவன். அல்பினைவிடப் பத்து வயது சின்னவன்தான். ஆனால் குழிக்குள் எல்லாரும் எல்லாரையும் நீ என்றுதான் சொல்வார்கள், மேலே வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு அல்பின். அதைத் தாண்டி எவனும் எதுவும் செஞ்சிட முடியாது" என்பான்.

"உன் சட்டம் நம்ம கொல்லை ஆடு மாதிரிடா. எவன் வந்து கறந்தாலும் நிக்கும்."

"நீ செத்தாலும் திருந்தமாட்டே."

"நீ திருந்தி என்னத்தக் கண்டே? என் கருப்பன்கிட்ட உன் நீலப் பெட்டை ஜெயிக்கட்டும், அப்ப பேசு."

நீலப் பெட்டைதான் ஒவ்வொரு வருடமும் ஜெயித்துக்கொண்டிருந்தது. அது வரும்போது ருடோல்ஃப் முன்பல் சந்து வழியாக ஒரு விசில் அடிப்பான். பெட்டை கல் விழுந்த மாதிரி நேராகப் பலகையில் வந்து இறங்கும்.

அந்த மே மாதம், புதிதாக ஆட்சிக்கு வந்த கட்சியின் பழுப்புச் சட்டைக்காரர்கள் தொழிற்சங்கக் கட்டடத்தைப் பிடித்தார்கள். அன்று மத்தியானமே, ஷிஃப்டு முடிந்து குளித்து வெளியே வந்த ருடோல்ஃபைச் சுரங்க வாசலிலேயே லாரியில் ஏற்றினார்கள். ஈரத் தலையோடு போனான். நகரத்துச் சிறையில் இருக்கிறான் என்று மட்டும் அவன் மனைவி மெட்டாவுக்குத் தெரிந்தது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள், ஆளைக் காட்டுவதில்லை.

அடுத்த வாரம் மதுக்கடையின் பின்னறையில் புறாச் சங்கம் கூடியது. வழக்கமாகக் கை தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தத் தடவை மேஜைத் தலைப்பில் புரூனோ வீசே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான், பழுப்புச் சட்டை, கையில் போலீஸ் பட்டை. வீடு வீடாகச் சாவுக் காப்பீட்டுக்குக் காசு வசூலிக்கிறவன். அவன் புறாக்கள் நடந்து வருகின்றன என்று சங்கத்தில் பல வருடத்துக் கேலி.

"மேலிடத்துல என்னைத் தலைவரா போட்டிருக்காங்க. இனிமே கை தூக்குற வேலையெல்லாம் கிடையாது" என்றான் புரூனோ. "ஷ்டைன்காம்பைச் சங்கத்துலேர்ந்து எடுத்தாச்சு. சங்கத்துல இல்லாதவன் பந்தயப் புறா வச்சிருக்கக்கூடாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவன் கூட்டைக் காலி பண்ணணும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

இருபது பேர் பீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேருடைய பெண்டாட்டிகளுக்கு வேலைநிறுத்தக் காலத்தில் ருடோல்ஃப் தன் வீட்டு உருளைக்கிழங்கைக் கொடுத்திருக்கிறான்.

"புறாவும் சோஷலிஸ்டாடா புரூனோ?" என்றார் அல்பின்.

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டான்.

"தலைவரேன்னு சொல்லணும். நீங்கன்னு சொல்லணும்."

அல்பின் வாய்க்குள் இருந்த புகையிலையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தள்ளினார். "சரி. தலைவரே, அதுங்களை நான் எடுத்துக்கறேன். என் கூட்டுல வச்சுக்கறேன்."

"வளர்ந்த புறா கூடு மாறாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே, அதுவே சந்தோஷம். அடைச்சு வச்சுக்கறேன்."

புரூனோ முகம் சிவந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "சங்கத்துக்கு முன்னாடி வாக்குக் குடுத்திருக்கே. ஷ்டைன்காம்ப் பலகையில ஒரு இறகைப் பாத்தேன்னா, அந்தக் கூட்டுப் புறா அத்தனையும் உன் கையாலயே முடிச்சுடணும். இல்லேன்னா உன்னோடதும் போகும்."

அல்பின் தலையாட்டினார். ருடோல்ஃப் சில வாரத்தில் வந்துவிடுவான், அதுவரைதானே, என்று நினைத்தார். யாரையும் நம்பாதவர், இதை மட்டும் எப்படியோ நம்பினார்.

ருடோல்ஃபின் வாசலில் பலகை வைத்து ஆணி அடித்தார். தன் கூட்டை மரச்சட்டத்தால் இரண்டாகத் தடுத்து, அவன் புறாக்களை உள்பக்கம் விட்டார். இடம் போதவில்லை. சேவல் புறாக்கள் ஒன்றையொன்று கொத்தித் தலையெல்லாம் ரத்தம். மனைவி செத்துப்போன பிறகும் அறையில் கிடந்த இரண்டு கட்டிலில் ஒன்றை விற்று அந்தக் காசுக்குத் தீனி வாங்கினார். மெட்டா தினமும் மாலையில் பரணுக்கு ஏறி வந்து சட்டத்துக்கு வெளியே நின்று பார்ப்பாள்.

"இளைச்சுப் போச்சே அல்பின், இந்த நீலம்."

"தின்னமாட்டேங்குது. உன் புருஷன் மாதிரியே பிடிவாதம்."

"அவர் வர்றவரைக்கும் இருக்குமா?"

"இருக்கும். வச்சிருக்கேன்ல?"

ஆனால் ஜூன் வந்தும் அல்பின் தன் புறாக்களைப் பந்தயத்துக்கு அனுப்பவில்லை என்று சங்கத்தில் பேச்சு வந்தது. இறகு உதிர்கிறது என்று சொல்லிப் பார்த்தார். அந்த நேரத்தில் இறகு உதிராது என்று எல்லாருக்கும் தெரியும். சந்தேகம் வரக்கூடாதே என்று, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குத் தன் கருப்பனைக் கூடையில் போட்டு அனுப்பினார்.

தப்பு அங்கேதான் நடந்தது. கருப்பன் வந்தால் உள்ளே விடக் கூட்டைத் திறந்துதானே ஆக வேண்டும்? கருப்பனும் நன்றாகத்தான் வந்தான். வாசலைத் தூக்கிய அந்த நொடியில், இளைத்திருந்த நீலப் பெட்டை சட்டத்தின் அடிச்சந்து வழியாக நுழைந்து, அவர் கைக்கடியில் புகுந்து, வெளியே போய்விட்டது.

பந்தய ஞாயிற்றுக்கிழமை. குடியிருப்பில் ஒவ்வொரு கொல்லையிலும் ஆண்கள் நின்று தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். இதற்கு மோசமான நேரம் வருடத்தில் கிடையாது. பெட்டை ஒரு வட்டம் அடித்தது. ருடோல்ஃபின் பலகையில் வந்து இறங்கியது. ஆணி அடித்த கதவை அலகால் தட்டியது. காத்திருந்தது. மறுபடியும் தட்டியது.

அல்பின் தகர டப்பாவில் பட்டாணியைக் குலுக்கினார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெட்டா கீழே ஓடிவந்து விசில் அடித்துப் பார்த்தாள். அவள் வாயில் காற்றுதான் வந்தது.

"இறங்கி வாடி... இறங்கி வந்துடு, தாயே" என்று அழுதாள்.

புரூனோவுக்கு யாரும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கொல்லைக் கதவைத் திறந்து வந்தபோது பின்னால் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர்.

"எறங்கினது யாரு?" என்றான்.

"நீங்களே பாக்கறீங்களே" என்றார் அல்பின்.

"அதைப் பிடிச்சுட்டு வா. மத்ததையும் எடுத்துட்டு வா."

"தலைவரே, புறா அது. அதுக்கு என்ன தெரியும்? தப்பு என்னோடது. நான்தான் சரியா அடைக்கல. என் கருப்பனை எடுத்துக்குங்க. குஞ்சுங்களையும் எடுத்துக்குங்க."

"நடந்து வர்ற என் புறாவுக்கு உன் கருப்பன் எதுக்கு?" என்றான் புரூனோ. அத்தனை வருடத்துக் கேலியும் அந்த வார்த்தையில் இருந்தது. "வாக்குன்னா வாக்கு. எல்லாரும் கேட்டீங்கதானே?"

ஏழெட்டுப் பேரும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார்கள்.

அல்பின் ருடோல்ஃபின் பரணுக்கு ஏறினார். குறட்டால் ஆணியைப் பிடுங்கிப் பலகையை எடுத்தார். பெட்டை அவசரமே இல்லாமல் உள்ளே நடந்து வந்தது. நேராகத் தன் மூலைக்குப் போய், தூசி படிந்த தன் மண் கிண்ணத்தில் உட்கார்ந்து, இறக்கையைச் சரிசெய்துகொண்டது. அவர் கையை நீட்டியபோது அது ஒதுங்கவில்லை. வீட்டில் இருக்கிற புறா எதற்கு ஒதுங்கும்? கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் வழியாக விட்டுவிடலாம். விட்டால் ஒரு வட்டம் அடித்து இங்கேயே வரும். அதற்கு வேறு எதுவும் தெரியாது. அவரும் ருடோல்ஃபும்தான் முப்பது வருடமாக அப்படி வளர்த்திருந்தார்கள், வேறு எங்கும் போகத் தெரியாதபடி.

கொல்லையில் ஒவ்வொன்றாக முடித்தார். வலிக்காமல் செய்ய அவருக்குத் தெரியும், கட்டைவிரலால் ஒரு தள்ளு, ஒரு திருகு. அவர் செய்யாவிட்டால் பட்டை கட்டியவர்கள் தரையில் அடித்துச் செய்வார்கள். நீலத்தைக் கடைசியில் செய்தார். ஏன் கடைசியில் என்று அவருக்கே தெரியாது. அதற்குள் ஏதாவது நடக்கும் என்று நினைத்திருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கொல்லையில் யாருடைய புறாவோ பந்தயத்திலிருந்து வந்து இறங்கியது, அங்கே ஒருவன் கைதட்டினான்.

செத்த புறாவை வீணாக்குகிற வழக்கம் குடியிருப்பில் கிடையாது, சூப்புக்குப் போகும். புரூனோ போன பிறகு சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. கட்டாயத்தின் பேரில் எடுக்கிற மாதிரி ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

"வீட்டுல அவளுக்கு உடம்பு சரியில்ல..." என்றான் ஒருவன்.

"எடுத்துட்டுப் போடா. பேசாதே" என்றார் அல்பின்.

கடைசியில் நீலப் பெட்டை மட்டும் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. மெட்டா வந்து எடுத்து, முந்தானை மாதிரி மடித்த மேலங்கியில் போட்டுக்கொண்டாள். கண் காய்ந்திருந்தது.

"நாளைக்குச் சாப்பாடு குடுக்கற நாள். இதைச் சூப்பு வச்சுக் கொண்டுபோறேன்."

"வேண்டாம் மெட்டா. அவன் புறா வளர்க்கறவன். வாயில வச்சதுமே தெரிஞ்சுடும்."

"உள்ள என்ன குடுக்கறாங்களோ. எலும்பா போயிருப்பார். புறா சூப்புதான் பலம்னு நீங்கதானே சொல்வீங்க?" அவள் வாசற்படியில் நின்று திரும்பினாள். "வெளிய வந்ததும் கேப்பாரே அல்பின். சூப்பு வச்சது எந்தப் புறா, யாரு பண்ணினதுன்னு கேட்டா என்ன சொல்ல?"

அல்பின் தன் கைகளைப் பார்த்தார். கட்டைவிரலில் ஒரு சின்ன நீல இறகு ஒட்டியிருந்தது. அதை உதறினார், போகவில்லை. கால்சட்டையில் தேய்த்தார்.

"அவன் வரட்டும் முதல்ல" என்றார்.

மேலே அவருடைய புறாக்கள் தண்ணீருக்குச் சத்தம் போட்டன. வாளியை எடுத்துக்கொண்டு பம்படிக்குப் போனார்.