வான்கோழியை யாரும் ஊதச் சொல்லவில்லை

மூன்று வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் அன்று, குமுளிக்கு மேலே ஜோமோன் முதலாளியின் ஏலத்தோட்டத்தில், சுட்ட வான்கோழியின் ருசி மதியம் ஒன்றேகாலுக்குப் பங்களாவை விட்டுக் கிளம்பி, அரை மைல் இறக்கத்தில் இருக்கும் தொழிலாளர் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இறைச்சி மட்டும் பங்களாவிலேயே இருந்தது.

அந்த வான்கோழிக்கு ஓணம் முடிந்ததிலிருந்து தினம் ஒரு கைப்பிடி ஏலக்காய். கறி உள்ளிருந்தே மணக்கும் என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதே தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்கள் சாயந்தரம் கேட்டில் வரிசையாக நின்று கங்காணி சுடலையின் மூக்குக்கு நேரே வாயால் ஊத வேண்டும். ஏலம் மணந்தால் திருட்டு. வான்கோழியை யாரும் ஊதச் சொல்லவில்லை. அந்த வரிசையில் ஒருத்தியான பிலோமி பல்வலிக்கு ஒரே ஒரு காயைக் கடித்துவிட்டு ஊதினாள். இருபத்திரண்டு வருட வேலை போயிற்று. வேலை போனால் லயத்து வீடும் போகும். புதுவருஷத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

அவள் மகள் பின்சி வேதியியல் பட்டதாரி, லயத்தின் முதல் டிகிரி. அதன் பலனாகக் குமுளியில் ஒரு ஹோம்ஸ்டே அடுப்படியில் வெள்ளைக்காரர்களுக்குக் கோழி சுட்டுக்கொண்டிருந்தாள். வான்கோழியைச் சுட முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். இரக்கமுள்ளவர்.

"விருந்தாளிங்க நல்லா இருக்குன்னு சொல்லணும் மோளே. சொன்னா அம்மைக்குத் திரும்ப வேல."

பின்சி பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைச் சுத்தமாகச் செய்தாள். ஒரு நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறல். தோலுக்கடியில் விரலை விட்டு வெண்ணெய், பூண்டு, நல்லமிளகு, காந்தாரி மிளகாய். ஓவனில் மூன்றரை மணி நேரம். அரைமணிக்கு ஒருதரம் வடிந்த நெய்யை மேலே ஊற்றினாள். தோல் கடுஞ்சாயா நிறத்துக்கு வந்தது. பூசைக்குப் போய்வந்த பன்னிரண்டு விருந்தாளிகளும் ஜெபம் சொல்லிவிட்டு மென்றார்கள். பிறகு நாகரிகமாக உப்பு கேட்டார்கள், சாஸ் கேட்டார்கள், கடைசியில் ஊறுகாய் கேட்டார்கள். அப்போதுதான் பின்சியின் போன் அடித்தது. பிலோமி.

"ஏட்டி, என்னத்தடி பண்ணி வச்ச? இங்க வெறுஞ்சோறு வான்கோழியா ருசிக்கு. பதினாறு வீட்டுலயும் சட்டிய வழிச்சிட்டு இருக்காவ."

"இதுல ஒரு டேஸ்டும் இல்லல்லோ. எங்க போச்சு?" என்றார் முதலாளி.

"அதிகமா இருக்குற எடத்துலருந்து இல்லாத எடத்துக்குப் போயிருக்கும் சார். பாடத்துல இருக்கு."

"அப்போ உன் அம்மைக்கு வேலையும் இல்ல."

மறுநாள் சாயந்தரம் கேட்டில் ஊதின நாற்பத்தோரு பேர் வாயிலும் ஏலம் மணந்தது. யாரும் காயைத் தொட்டிருக்கவில்லை. சுடலையும் லயத்துக்காரன்தான். சந்தேகம் வந்து தன் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, நீரும் திருடிட்டீரா?" என்றாள் வரிசையில் நின்ற கத்தரீனாள்.

அத்தனை பேரையும் நிறுத்தினால் காய் செடியிலேயே பழுத்து வெடிக்கும். முதலாளி நாலு நாள் யோசித்தார். வாசம் போகிற வழியாக இல்லை. சுகாதாரத்தை முன்னிட்டு இனி ஊத வேண்டாம் என்று கேட்டில் காகிதம் ஒட்டினார்கள். பெண்களின் சுகாதாரத்தில் அவ்வளவு அக்கறை. குற்றமே இல்லையென்றான பின் குற்றவாளி மட்டும் எப்படி மிச்சம் இருப்பாள்? மறுநாள் காலை பிலோமி கூடையோடு வந்து வரிசையில் நின்றாள். சுடலை பேர் எழுதிக்கொண்டான்.

பங்களாவில் பிறகு கொச்சியிலிருந்து சமையல்காரரை வரவழைத்தார்கள். அதற்கடுத்த வருடம் ஓவனை மாற்றினார்கள். ருசி ஒன்றேகாலுக்குக் கிளம்பிவிடும். லயத்தில் கிறிஸ்துமஸ் அன்று யாரும் குழம்பு வைப்பதில்லை. சோறு வடித்துத் தட்டில் போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போன தடவை பத்து நிமிடம் பிந்திவிட்டது.

"பங்களாவுல ஜெபம் நீண்டுட்டு போல," என்றாள் பிலோமி.