ஆறாவது ஸ்க்ரூவும் மத்தி எண்ணெயும்

திருபுவனை கம்பெனி ஒன்றில் பதினோரு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்த அரிகரனின் கைக்கு மசியாத ஸ்க்ரூ, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இன்னும் செய்யப்படவில்லை. இதை அவனே சொன்னான். பக்கத்தில் இருந்தது அம்மா கல்பனா மட்டும்தான். அவளுக்கு மறுக்க நேரமில்லை. பழைய பம்பு மூன்று நாளாக உறுமியதே ஒழிய, நாற்றங்காலுக்குச் சொட்டுத் தண்ணீர் ஏற்றவில்லை.

"உள்ள ஏதோ செத்துக் கெடக்குதுடா. இன்னிக்குத் தண்ணி பாயலன்னா நாத்து அவ்ளோதான்."

பம்பு மூடியில் ஆறு ஸ்க்ரூ. ஐந்தைக் கழற்றியதும் விளிம்பில் பழுப்பாக ஒரு சாறு கசிந்தது. ஆறாவது துருவேறி மூடியோடு மூடியாக ஒட்டிக் கிடந்தது. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்தான், நெருப்புக் காட்டினான். திருப்புளி வழுக்கி, புறங்கை போய்ச் சாற்றில் தோய்ந்தது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினான். மூன்று முறையும் முகர்ந்து பார்த்தான். அதுதான் தப்பு.

கடலோர நரம்பையிலிருந்து மீன் கொண்டுவரும் வனஜா ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

"இன்னா தம்பி, வரமாட்டேங்குதா? இந்தா, மத்தி எண்ணெ. எங்க போட்டு இஞ்சினுக்கு இதான். வுட்டுட்டு, தலையில மெல்லத் தட்டிக்கினே இரு. அதுவா எளகும்."

பாட்டிலைத் திறந்த அரிகரன் அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தான்.

"யக்கா, இதுக்குப் பம்புக்குள்ள செத்ததே சென்ட்டு மாதிரி கீதே! மெஷினுக்கு மீன் கொழம்பு ஊத்துற கூட்டத்த இங்கதான் பாக்குறேன்."

பாட்டிலைக் காட்டாமணக்குப் புதருக்குள் வீசினான்.

"படிச்ச புள்ள, சொன்னா சரி" என்று வனஜா அரைக் கிலோ சங்கரா மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உச்சிவெயிலில் ஸ்க்ரூவின் தலைப் பள்ளம் பாதி தேய்ந்திருந்தது. இன்னொரு தடவை வழுக்கினால் திருப்புளி பிடிக்க எதுவும் மிஞ்சாது. கல்பனா நுனி காய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கி அவன் முன்னால் போட்டாள். சோறெடுத்து வர வீட்டுக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் அரிகரன் புதருக்குள் ஊர்ந்தான். பாட்டில் கிடந்தது, மூடியைக் காணோம். அடியில் கொஞ்சம் எண்ணெய், அதில் ரெண்டு ஈ. ஈயோடு சேர்த்து ஊற்றினான். குத்துக்காலிட்டு, வாயால் மட்டும் மூச்சு விட்டபடி, திருப்புளிப் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தான்.

வெகுநேரம் கழித்து ஸ்க்ரூ கால் சுற்று நகர்ந்தது.

வரப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு பாட்டிலுக்குள் விரலை விட்டு, மிச்சத்தையும் வழித்துத் தடவினான்.