மாதிரிப் படம்

முந்நூற்று நாற்பது தாள்களிலும் ஒரே பூமி அழுதுகொண்டிருந்தது. வாயில் வெப்பமானி, தலையில் ஈரத்துணி, இடது கண்ணில் இரண்டு சொட்டு.

அவள் தாள்களைப் பரப்பிப் பார்த்தாள், அடுக்கிப் பார்த்தாள், மறுபடி பரப்பினாள். பூமி மாறவில்லை.

வகுப்பறைகளுக்கான பருவநிலைப் புத்தகம் அது. பன்னிரண்டு பாடம், பாடத்துக்கு ஒரு படம், எல்லாம் மாணவர்கள் வரைந்தவை. இந்தப் பதிப்பகத்தில் சேர்ந்த இரண்டு வருடத்தில், கூட்டத்தில் அவள் வாய் திறந்து சொன்ன ஒரே யோசனை. ஐந்து மணிக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகாவிட்டால் புத்தகமே கிடையாது என்று பதிப்பகத்தை நடத்தும் மேடம் சொல்லிவிட்டார். இப்போது மணி மூன்றே கால்.

"பள்ளிக்கூடங்களுக்குப் போன அறிவிப்போட மாதிரின்னு ஒரு படம் வரைஞ்சு அனுப்பினியே, தாயே" என்றார் பக்கங்களை வடிவமைக்கும் அண்ணன்.

"சும்மா, அளவு புரியறதுக்குத்தான் அண்ணா."

"நல்லாப் புரிஞ்சிருக்கு. உன் பேனா மை சொட்டி பூமி கன்னத்துல மச்சமாச்சே, அதைக்கூட ஒருத்தரும் விடல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தாள்களைக் கட்டத் தொடங்கினாள். ஒரு தாளின் பின்பக்கத்தில் சிவப்பு மை தெரிந்தது. திருப்பினாள்.

பென்சிலில் ஒரு வகுப்பறை, மேலிருந்து பார்ப்பதுபோல் மூன்று தடவை வரைந்திருந்தது. பத்து மணிக்குப் பிள்ளைகள் ஜன்னலோரம். பன்னிரண்டுக்கு நடுவில். இரண்டு மணிக்கு முப்பது பேர் கரும்பலகைக்குக் கீழே ஒரே மூலையில். 'தகரக் கூரை சுடாத இடம்' என்று அம்புக்குறி. அத்தனைக்கும் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி.

மற்ற தாள்களைப் பதறித் திருப்பினாள். சிலவற்றில் ரப்பர் தேய்த்த சாம்பல் கறை மட்டும் இருந்தது. மற்றவை வெறுமை.

அந்தத் தாள் வந்த பள்ளிக்குப் போன் போட்டாள். "அதுவா? பிள்ளைங்க கண்டதையும் வரைஞ்சு வெச்சிருந்தாங்கம்மா" என்றார் ஆசிரியர். "மாதிரியைப் பார்த்து வரைங்கன்னு நான்தான் அழிக்கச் சொன்னேன். ஒருத்தி மட்டும் அழிக்க மாட்டேன்னு நின்னா."

"அவகிட்ட பேசலாமா சார்?"

கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய குரல் வந்தது. "அது தப்புப் படம்னாங்களே, மிஸ்."

"தப்பு என்னுது. உன் படத்தைப் புத்தகத்துல போடட்டுமா?"

"போடுங்க. ஆனா மூலையில ரெண்டு பேர் விட்டுப்போச்சு."

சிவப்புக் கோடு முப்பது தலைகளின் மேலும் ஓடியிருந்தது. அதைக் கணினியில் அழிக்க அண்ணனுக்கு நாற்பது நிமிடம் ஆனது.

"மிச்சப் பதினோரு பக்கம்?"

"வெறுங்கட்டம். கீழே, 'உன் வகுப்பில் நீ பார்த்ததை வரை.' அவ்வளவுதான் அண்ணா."

"மேடம் நம்மளக் கொன்னுடுவாங்க."

நாலு ஐம்பதுக்கு, பக்கங்களைப் பார்த்துவிட்டு மேடம் போனில் அழைத்தார். "என்ன இது, பதினோரு பக்கம் காலியா இருக்கு?"

அவள் எழுந்து நின்றாள். ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "மாதிரி கொடுத்தா அதையேதான் வரையறாங்க மேடம். அதான்... கொடுக்கல."

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் நீண்டது.

"அனுப்பு. பிள்ளைங்க நிரப்பலேன்னா அடுத்த வருஷம் இந்தப் புத்தகமும் இல்ல, நீயும் இல்ல."

அவள் பொத்தானை அழுத்தினாள். பக்கங்கள் போயின. சிவப்பு மை பட்ட தாளை மட்டும் கட்டில் சேர்க்காமல் தன் மேசையில் எடுத்து வைத்தாள்.